மனசு ஓடினால் ஓடட்டும், திரும்பி வந்தால் போதும்
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தியானம் பற்றியவை. இருபத்து நான்கு வருடங்களாக மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். பத்தொன்பது வருடங்களாக, நடுவில் நிறுத்திய எட்டு மாதம் தவிர, தினமும் காலையில் கண்ணை மூடி உட்காருகிறேன். இரண்டிலும் கற்றுக்கொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் பதினைந்து நிமிடம் தியானத்துக்கு உட்காருகிறேன். கண்ணை மூடியதுமே மனசு ஓடிவிடுகிறது. பிள்ளையின் பரீட்சை, அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், பத்து வருடத்துக்கு முந்தைய சண்டை. இழுத்து வந்தால் மறுபடி ஓடுகிறது. எனக்குத் தியானம் வராது என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, வயது 41

விட்டுவிடாதீர்கள். ‘இழுத்து வந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்கள் தியானம் நடந்துகொண்டிருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அப்போதுதான் ஒருவரிடம் தியானம் கற்கப் போனேன். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு என்றார். அவ்வளவுதான் பாடம். வாரக்கணக்கில் நான்கைத் தாண்ட முடியவில்லை. ஒரு நாள் திடுக்கிட்டுப் பார்க்கிறேன், முப்பத்து ஏழு எண்ணிக்கொண்டிருக்கிறேன்! மனசு எங்கோ போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஒரு நோட்டில் தினமும் ‘இன்றும் முடியவில்லை’ என்று எழுதி வந்தேன். அதைப் பார்த்துவிட்டு என் ஆசிரியை, “மனசு ஓடிவிட்டது என்று உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “அது தெரிந்த நொடி எத்தனை முறை வந்தது என்று மட்டும் எழுது” என்றார். அன்றிலிருந்து நோட்டில் வெறும் எண்கள்தான்: 11, 19, 8. சில நாள் ஒரு எண்ணும் இருக்காது. அன்றைக்கு முழு நேரமும் கனவிலேயே போயிருந்தது என்று அர்த்தம்.

அவர் சொன்னதைப் பல வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சியில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்கேம்ப் என்பவரின் குழு, தியானப் பழக்கம் உள்ள 14 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னது. மனசு விலகியது தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு சுழற்சி தெரிந்தது. மனசு அலைகிறது, அலைந்தது தெரிகிறது, கவனம் திரும்புகிறது, கொஞ்ச நேரம் மூச்சில் தங்குகிறது, மறுபடி அலைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு வலைப்பின்னல் வேலை செய்தது. அலையும்போது, நாம் சும்மா இருக்கையில் பழையதையும் வரப்போவதையும் அசைபோடும் வலைப்பின்னல். ‘அடடா, போய்விட்டேன்’ என்று தெரியும்போது, முக்கியமானதைக் கண்டு மணி அடிக்கும் வலைப்பின்னல். திரும்பும்போது, நெற்றிக்குப் பின்னால் கவனத்தை ஆளும் பகுதி. இத்தனைக்கும் அவர்கள் பழகியவர்கள். அவர்களும் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

மனசு அலைவது உங்களுக்கு மட்டும் உள்ள குறை என்றும் நினைக்காதீர்கள். ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரின் செல்போனுக்கு நாளில் திடீர் திடீரென்று செய்தி அனுப்பி, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். 2010-இல் முடிவு வந்தது. கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் ஆட்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, செய்கிற வேலையில் மனசு வைத்திருந்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மனசு விலகியது தெரிந்ததும் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. திட்டுவதும் ஒரு நினைப்புதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நினைப்பு வரும். அதற்குப் பதிலாக, மனசுக்குள் ‘நினைப்பு’ என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த மூச்சுக்கு வாருங்கள். இழுக்க வேண்டாம். தூங்கும் குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவோமே, அப்படி.

கேள்வி: எந்த நேரத்தில் செய்வது? பத்மாசனத்தில்தான் உட்கார வேண்டுமா? எனக்கு முட்டி வலி.
– ஒரு வாசகர், வயது 67

நாற்காலியில் உட்காருங்கள் ஐயா. இரண்டு பாதமும் தரையில் படட்டும், முதுகு விறைக்காமல் நிமிர்ந்திருக்கட்டும். படுத்துக்கொண்டும் செய்யலாம், தூங்கிவிடாதவர்களுக்கு அது சரிவரும். மெதுவாக நடந்தபடி பாதம் தரையைத் தொடுவதைக் கவனிப்பதும் முழுத் தியானம்தான். நேரம், உங்களால் தினமும் காப்பாற்ற முடிகிற எந்த நேரமும். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: தியானம் செய்தால் எட்டே வாரத்தில் மூளையின் அமைப்பு மாறிவிடும், சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த மூளைத் திசு) கூடும் என்று எங்கும் படிக்கிறேன். நான் உயிரியல் மாணவன். இது உண்மையா?

கேட்டதற்கு நன்றி தம்பி. தியானத்தை நேசிப்பவள் என்பதால் இதில் நான் கவனமாக இருக்க விரும்புகிறேன்.

அந்தச் செய்தியின் மூலம், 2011-இல் பிரிட்டா ஹோல்செல் குழு வெளியிட்ட ஆய்வு. எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் கவனம் வைக்கும் தியானம்) பயிற்சி எடுத்தவர்களின் மூளையில், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் சாம்பல் பொருளின் அடர்த்தி கூடியதாகச் சொன்னார்கள். பயிற்சி எடுத்தவர்கள் 16 பேர்தான். சிறிய ஆய்வு தவறான ஆய்வு ஆகிவிடாது, ஆனால் அதன் மேல் மாடி வீடு கட்டக் கூடாது. 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 218 பேரை வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு குழுவுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சியும் ஆரோக்கியப் பழக்கங்களும், மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியல், அதாவது ஆய்வு முடியும்வரை எந்தப் பயிற்சியும் இல்லை. மூளையின் அமைப்பில் தியானத்தால் வந்ததாகச் சொல்லும்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இதில் என்னை மிகவும் தொட்ட விஷயம், அந்த ஆய்வு ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகத்திலிருந்து வந்தது என்பது. தியானத்தை நரம்பியலுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். 2004-இல் எட்டு பௌத்தத் துறவிகளின் தலையில் மின்முனைகள் பொருத்தி, கருணை தியானத்தின்போது அவர்கள் மூளையில் காமா எனப்படும் வேகமான மின்னலைகள் மிக வலுவாகவும் ஒத்திசைந்தும் எழுவதைக் காட்டியதும் இதே ஆய்வகம்தான். தங்கள் வழிக்கே எதிரான முடிவு வந்தபோதும் அதை மறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வரப்போகிற நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறவிகளின் கணக்கையும் பாருங்கள். அவர்கள் 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை பயிற்சி செய்தவர்கள். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 10,000 மணி நேரத்துக்கு 27 வருடம் ஆகும். அவர்களுக்குக் கிடைத்ததை எட்டு வாரத்தில் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் எட்டு வாரத்தில் கவனமும் பதற்றமும் மாறுவதை ஆட்கள் தங்கள் வாழ்க்கையிலேயே உணர்கிறார்கள். ஸ்கேனில் சதை வளர்ந்து தெரிந்தால்தான் அது உண்மை என்று ஏன் நினைக்க வேண்டும்?

கேள்வி: மகன் மேல் கோபம் வந்தால் என்னை மறந்து கத்திவிடுகிறேன். பிறகு இரவெல்லாம் வருந்துகிறேன். தியானத்துக்கு உட்கார எனக்கு நேரம் இல்லை. உடனடியாக ஏதாவது வழி உண்டா?
– ஒரு தந்தை

இரண்டு வழி சொல்கிறேன், இரண்டுக்கும் உட்கார வேண்டாம்.

ஒன்று மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். விடும் மூச்சில், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. எனவே இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற அளவுக்கு மெதுவாக இரண்டு நிமிடம் விட்டால் உடம்பின் படபடப்பு இறங்கி வருவது தெரியும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது இதை முதல்முறையாக முயலாதீர்கள். சாதாரண நேரத்தில் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. மேத்யூ லீபர்மேன் என்பவரின் குழு 2007-இல் காட்டியது இது. கோபமும் பயமும் உள்ள முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல் கொடுத்தபோது, அபாயத்துக்குத் துள்ளும் அமிக்டலாவின் வேகம் குறைந்தது. ‘இவன் என்னை மதிக்கவே மாட்டான்’ என்பது பெயர் இல்லை, அது குற்றச்சாட்டு. ‘கோபம்’ என்பது பெயர். இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கலாம். என்னிடம் வரும் அப்பாக்கள் பலரிடம் அது பயமாகத்தான் இருந்திருக்கிறது: பிள்ளை என்ன ஆவானோ என்கிற பயம். ‘பயம்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மகனிடம் பேசிப் பாருங்கள். குரல் தானாக மாறும்.

நேற்று கத்தியதற்காக இன்று மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம். போன நோயும் திரும்பலாம்.

உங்கள் உறவினர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்காக டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் மூவரும் தியானத்தையும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்து ஓர் எட்டு வாரப் பயிற்சியை உருவாக்கினார்கள். 2000-இல் வந்த அவர்களது முதல் ஆய்வில் 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து மீண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு. இது பெரிய வித்தியாசம். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மீண்டவர்கள், அதுவும் இரண்டு முறை மட்டும் நோய் வந்தவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை. சோர்வின் ஆழத்தில் இருக்கும் ஒருவரைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால், அவரது மனசு அவரையே தின்ன ஆரம்பிக்கலாம். அதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

பதற்ற நோய்க்கு இன்னொரு ஆய்வு உண்டு. 2022-இல் எலிசபெத் ஹோஜ் குழு 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு எஸ்சிட்டாலோபிராம் என்கிற பதற்ற நோய் மாத்திரையும் மறு பகுதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் கொடுத்தது. பலன் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதைத்தான் பலர் ‘மாத்திரைக்குப் பதில் தியானம்’ என்று பரப்புகிறார்கள். அந்தப் பயிற்சி வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம் என்று நடந்தது. அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2014-இல் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய மதிப்பீடு ஒன்று, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானம் ஓரளவு உதவுகிறது, ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ மிஞ்சியதற்கு ஆதாரம் இல்லை என்றது.

மாத்திரையும் தியானமும் ஒன்றாக இருக்கலாம். நடைப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போய் வந்தேன். ஏழாம் நாளிலிருந்து காரணமில்லாத பயம். உடம்பு என்னுடையது இல்லை என்பது போல ஒரு உணர்வு. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, தூக்கம் சரியில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை.
– ஒரு வாசகர், வயது 29

நான் நம்புகிறேன். எனக்கும் ஒரு முகாமில் ஐந்தாம் நாள் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது, இரண்டு இரவு நிற்கவில்லை. நடத்தியவரிடம் சொன்னபோது, “பழைய அழுக்கு வெளியேறுகிறது, இன்னும் ஆழமாக உட்கார்” என்றார். நானும் உட்கார்ந்தேன். இன்னும் மோசமானது. ஆலோசகராக அப்போது ஐந்து வருட அனுபவம் இருந்தும், எழுந்து வெளியே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: இப்போதைக்குத் தியானத்தை நிறுத்துங்கள்.

இது ஆராயப்பட்ட விஷயம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டனும் ஜாரெட் லிண்டாலும் தியானம் செய்கிற 60 பேரிடம் இப்படிப்பட்ட அனுபவங்களை விரிவாகக் கேட்டு 2017-இல் வெளியிட்டார்கள். பயம், தூக்கமின்மை, தன்னிடமிருந்தே விலகிய உணர்வு என்று நீங்கள் எழுதியவை எல்லாம் அதில் உண்டு. 2020-இல் 83 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழு, தியானத்தோடு சேர்ந்து வரும் பாதகமான அனுபவங்கள் சுமார் 8 சதவீதம் பேரிடம் காணப்படுவதாகக் கணக்கிட்டது.

உங்களிடம் குறை எதுவும் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் மருந்து கொடுத்தால் உடம்பு தள்ளுமே, அப்படித்தான் இதுவும். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். வெறுங்காலில் தரையில் நடங்கள். கனமான எதையாவது தூக்குங்கள். கையால் செய்கிற வேலை எதுவானாலும் செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரோடு சாதாரண விஷயங்களைப் பேசிக்கொண்டிருங்கள். மூன்று வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்பதால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், முகாமைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கடுமையான மனநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நான் மறுபடி உட்கார எட்டு மாதம் ஆனது. தொடங்கியபோது வெறும் ஐந்து நிமிடம், கண்ணைத் திறந்துகொண்டு.

கேள்வி: புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக ஆறு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு நோயாளியின் வலியும் எனக்கே வருவது போல இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பு இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொள் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். தியானம் உதவுமா?

கல்லாக்கிக்கொள்ள வேண்டாம் சகோதரி. உங்களுக்காகவே ஓர் ஆராய்ச்சிக் கதை இருக்கிறது.

நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கர், பௌத்தத் துறவி மத்தியூ ரிக்காரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார். அடுத்தவர் துன்பத்தை நினைத்து, அதை அப்படியே தன் துன்பமாக உணர மட்டும் வேண்டும், கருணையைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். பல்லாயிரம் மணி நேரம் தியானம் செய்த மனிதர், கொஞ்ச நேரத்திலேயே சோர்ந்து வற்றிப்போனார். பிறகு, அதே துன்பத்தைப் பார்த்து அன்பும் கருணையும் அனுப்பலாம் என்றதும் அவர் நிலை முழுக்க மாறியது. துன்பம் அப்படியேதான் கண்முன் இருந்தது, அவருக்குத் தெம்பு திரும்பியது.

அப்புறம் சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் சாதாரண ஆட்களிடம் இதைச் சோதித்தார்கள். அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணரும் பயிற்சி வேதனையைக் கூட்டியது. அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி கொடுத்ததும் வேதனை தணிந்து நல்ல உணர்வுகள் எழுந்தன. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறு வேறு. விஸ்கான்சினில் ஹெலன் வெங் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 30 நிமிடம் வீதம் இரண்டே வாரம் கருணைப் பயிற்சி செய்தவர்கள், அநியாயம் நேர்ந்த முகம் தெரியாத ஒருவருக்காகத் தங்கள் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கருணை ஒருவரைச் செயலிலிருந்து ஒதுக்கிவிடுவதில்லை என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இப்போது நீங்கள் செய்வது, நோயாளியின் வலிக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிடுவது. அங்கிருந்து ஓர் அடி எடுத்துவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காலையில் பத்து நிமிடம் உட்காருங்கள். உங்களுக்கு மிகப் பிரியமான ஒருவரை, அவரது முகம் தெளிவாகத் தெரியும்வரை நினையுங்கள். ‘உன் வலி குறையட்டும், நீ நிம்மதியாக இரு’ என்று மெதுவாக, சொல்லின் அர்த்தம் நெஞ்சில் படும்படி சொல்லுங்கள். பிறகு உங்களையே நினைத்து அதே சொற்கள். பலருக்கு இந்த இடம்தான் கடினம், அழுகை வரும், வரட்டும். அதற்கப்புறம் அன்றைக்குப் பார்க்கப்போகிற நோயாளி ஒருவர். எல்லா நோயாளிகளையும் ஒரேயடியாக நினைக்காதீர்கள். மனசு விலகினால் முதல் பதிலில் சொன்னதுதான்: ‘நினைப்பு’ என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

வார்டில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு அறையின் கதவுக் கைப்பிடியைத் தொடும்போதும் ஒரு நீண்ட மூச்சை வெளியே விட்டு, உள்ளே இருப்பவரின் பெயரை மனசுக்குள் சொல்லி, ‘உங்கள் வலி குறையட்டும்’ என்று ஒரு முறை சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். வெளியே வரும்போதும் கைப்பிடியில் ஒரு மூச்சு. என்னிடம் பேச வந்த செவிலியர் ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் வாரம் பாதிக் கதவுகளில் மறந்துவிட்டதாகச் சொன்னார். அது போதும் என்றேன்.

பணி நேரம் அளவுக்கு மீறி இருந்தால் அதையும் உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையால் வரும் சோர்வைத் தியானத்தால் ஈடுகட்டும் பொறுப்பு உங்களுடையது இல்லை. எட்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.